கடைவீதி யாருடையது? தஞ்சையின் ஆயிரம் ஆண்டுக் கணக்கு

தஞ்சாவூர்க் கடைவீதி படுத்துவிட்டது என்று எல்லோரும் புலம்புகிறார்கள். கீழவாசலில் முன்போலக் கூட்டமில்லை. மெடிக்கல் காலேஜ் ரோட்டிலும் புதிய பேருந்து நிலையப் பக்கமும் கண்ணாடி வைத்த பெரிய கடைகள் வந்துவிட்டன. மிச்சத்தை செல்போன் வழியே வரும் பார்சல் தின்றுவிடுகிறது. வணிகர் சங்கக் கூட்டங்களில் இதைப் பேசுகிறார்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன. "பழைய தஞ்சாவூர் போச்சே" என்று பெரிய வீட்டுக்காரர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

நாங்களும் அந்தக் கடைவீதியில் நடந்தவர்கள்தான். ஆனால் அந்தப் பெருமூச்சில் உடனே சேர்ந்துகொள்ள எங்களால் முடியவில்லை. ஒரு நகரத்தின் மையம் சாகிறதா பிழைக்குமா என்று கேட்பதற்கு முன்னால் அந்த மையம் யாருடையதாக இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால்தான் இன்று என்ன பறிபோகிறது, என்ன பறிபோகவில்லை என்று தெரியும்.

அங்காடியும் தீண்டாச்சேரியும்

பெரிய கோயிலிலிருந்தே தொடங்குவோம். 1010-இல் கட்டிமுடிக்கப்பட்ட அந்தக் கோயிலின் சுவர்கள் ஒரு பெரிய கணக்குப் புத்தகம். அதில் தஞ்சையின் பெருந்தெருக்களும் அங்காடிகளும் பெயரோடு வருகின்றன. திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று ஒரு சந்தைக்கே அரசியின் பெயர். அங்காடியிலும் பெருந்தெருக்களிலும் இருந்த வணிகர்கள் கோயில் காசை முதலாக வாங்கிக்கொண்டு, அதற்கு வட்டியாகப் பிள்ளையாருக்கு வாழைப்பழம் கொடுக்க ஒப்புக்கொண்ட கணக்கெல்லாம் அங்கே இருக்கிறது. கோயிலே வங்கி, கடைவீதியே கடனாளி. தஞ்சையின் வணிகப் பெருமை பேசுவோர் இந்தக் கல்வெட்டுகளை மறக்காமல் காட்டுவார்கள்.

அதே சுவரில் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. கோயிலுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று சொல்லும் பட்டியல் அது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால் என்று வரிசையாகப் போய், பறைச்சேரி, கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று வரும். 'தீண்டாச்சேரி' என்ற சொல்லை நாங்கள் இட்டுக்கட்டவில்லை. ராஜராஜனின் கல்லில் வெட்டிய சொல் அது. சோழர் காலத்தில் தீண்டாமை இருந்ததா என்று இன்றைக்கும் தொலைக்காட்சியில் வாதாடுகிறவர்கள் ஒருமுறை கோயில் சுவரைப் படிக்கலாம்.

ஒரே சுவரில் ஒருபுறம் அங்காடி, மறுபுறம் தீண்டாச்சேரி. அங்காடியில் விற்ற நெல்லையும் பழத்தையும் விளைவித்த கை சேரியில் இருந்தது. விற்ற காசு அந்தக் கைக்கு வரவில்லை. காவிரி டெல்டாவின் அடுத்த ஆயிரம் ஆண்டுக் கதை இந்த இரண்டு பட்டியலுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான்.

நாயக்கரும் மராட்டியரும் கோட்டை கட்டினார்கள், அகழி வெட்டினார்கள். நான்கு ராஜவீதிகள் அரண்மனையைச் சுற்றி அமைந்தன. இன்று கோட்டைச் சுவர் பெரும்பாலும் இல்லை. ஆனால் பெயர்கள் நிற்கின்றன. கீழவாசல் என்பது கோட்டையின் கிழக்கு வாசல். அலங்கம் என்பது கோட்டைக் கொத்தளம். கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று இன்றும் சொல்கிறோம். தேர் ஓடும் வீதி உள்ளே, உழைக்கிறவர் குடியிருப்பு மதிலோரத்திலும் அதற்கு வெளியிலும். நகரத்தின் வரைபடமே ஒரு சாதிப் பட்டியல்.

காசில்லாத கை

கடைவீதிக்குப் போக இரண்டு வேண்டும்: நடக்க உரிமை, கையில் காசு. டெல்டாவின் பண்ணையாளுக்கு இரண்டுமே இல்லை.

கூலி நெல்லாகத்தான் வந்தது. மரக்காலில் அளந்து போடுவார்கள். அந்த மரக்காலிலும் பண்ணையார் வீட்டு மரக்கால் வேறு, ஊர் மரக்கால் வேறு. ஊர்க் கடையில் அந்த நெல்லைக் கொடுத்து உப்பும் கருவாடும் மிளகாயும் வாங்க வேண்டும். நெல்லுக்கு என்ன மதிப்பு என்று கடைக்காரரே முடிவு செய்வார். எங்கள் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கடைக்கு எட்ட நின்று குரல் கொடுக்க வேண்டும். கூடையை வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். சாமானை மேலிருந்து துண்டில் போடுவார்கள். எடை சரியா என்று கேட்கக் கூடாது. விலை கேட்டு அடுத்த கடைக்குப் போவது என்பதே அறியாத ஒரு சனம் இருந்தது. சந்தை சுதந்திரமானது என்று பொருளாதாரப் புத்தகம் எழுதுகிறவர்கள் இந்தத் துண்டை ஒருமுறை பார்த்திருக்க வேண்டும்.

1843-இல் ஆங்கிலேய அரசு அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவு இல்லை என்று அறிவித்தது. பண்ணையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாற்றம் கப்பல் வழியாக வந்தது. நாகப்பட்டினத் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் பர்மாவுக்கும் கூலிகளாகப் போனவர்களில் உயிரோடு திரும்பியவர்கள் கையில் நாணயத்தோடு வந்தார்கள். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. டிக்கெட் வாங்கினால் யாரும் ஏறலாம். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாமல் பயணம் செய்யும் புது அனுபவம் பிறந்தது. ஆனால் ரயில் நிலையத்துச் சாப்பாட்டு அறையில் பார்ப்பனருக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கம் போராடி 1941-இல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது.

தெருவில் நடக்கும் உரிமை

நடக்கும் உரிமைக்கு வருவோம். 1924 ஆகஸ்டில் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொது அலுவலகத்துக்குப் போகலாம், பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்களைப் பயன்படுத்தலாம், அரசுக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1925-இல் அரசிதழில் வந்தது.

நூறு ஆண்டுதான் ஆகிறது. தெருவில் நடக்கலாம் என்று ஒரு சட்டமன்றம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது! அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களுக்காகப் போராட்டம் நடந்தது. 1927-இல் மகாத் குளத்துக்கு அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துப் போனார். நாடு முழுவதும் ஒரே கேள்விதான்: பொது என்ற சொல்லுக்குள் நாங்கள் இருக்கிறோமா இல்லையா? 1938-இல் எம்.சி.ராஜா கொண்டுவந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம், பொது வழியிலும் நீர்நிலையிலும் எங்களைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது.

தீர்மானம் நிறைவேறியதும் டெல்டாவில் தெரு திறந்துவிடவில்லை. நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே தெருவும் இருந்தது. 1943-இல் பி.சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயிகளையும் பண்ணையாட்களையும் சங்கமாகத் திரட்டினார். 1944-இல் மிராசுதாரர்களோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவற்றைப் படித்தால் இன்றும் உடல் கூசும். சவுக்கடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்று எழுத்தில் வாங்க வேண்டியிருந்தது. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சங்கம் வந்த பிறகுதான் கூலியைப் பேசி வாங்கலாம் என்பது வந்தது. கூலியைப் பேசி வாங்கியவர்தான் கடையில் விலையைப் பேசி வாங்க முடியும்.

அந்தப் பேச்சுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பதை 1968 டிசம்பர் 25 இரவு காட்டியது. கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். அவர்கள் கேட்டது கொஞ்சம் கூடுதல் நெல். இந்தக் கட்டுரை கடைவீதியைப் பற்றியது, வெண்மணியை ஏன் இழுக்கிறீர்கள் என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கூடுதல் நெல்தான் எங்கள் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்குக் கொண்டுபோயிருக்கக் கூடிய முதல் காசு.

'கடை' என்ற சொல்

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் இரண்டு விஷயங்களைச் சொன்னார். மாதத் தொடக்கத்தில், கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களுக்கு மறுப்பாக, இந்தியக் கிராமம் குறுகிய பற்றும் அறியாமையும் சாதிவெறியும் குடிகொண்ட இடம் என்று பேசினார். மாதக் கடைசியில், கடைகளில் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவைப் பற்றிய விவாதம் வந்தது. கடை என்றால் என்ன, அதில் தொழில்முறைச் சேவைகள் அடங்குமா என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். கடை என்ற சொல்லைப் பரந்த பொருளிலேயே வைத்திருப்பதாகவும், பொதுமக்களுக்குச் சேவை தர முன்வரும் எவரும் அதில் அடங்குவர் என்றும் அவர் விளக்கினார். இன்று அது அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு.

பலரும் 17-ஆம் பிரிவைச் சொல்வார்கள். தீண்டாமை ஒழிப்பு என்று அதுதான் தலைப்பில் நிற்கிறது. எங்களுக்கு 15(2) அதே அளவு முக்கியம். கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று அன்றாடத்தை அது பெயர் சொல்லி எழுதியது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமானது. இருந்தும் இரட்டைக் குவளை போகவில்லை. கண்ணாடி டம்ளர் அவர்களுக்கு, தேங்காய்ச் சிரட்டையோ அலுமினியக் குவளையோ எங்களுக்கு. பிறகு எல்லோருக்கும் பேப்பர் கப் வந்தது. சாதி ஒழிந்ததா, கழுவ வேண்டிய டம்ளர் ஒழிந்ததா என்று இன்னும் எங்களுக்குச் சந்தேகம்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்போரோ நகரின் மையத்தில் இருந்த வூல்வொர்த் கடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உணவு மேசையில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். அந்தக் கடையில் அவர்கள் பற்பசை வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிடத்தான் கூடாது. காசை வாங்கிக்கொள்வார்கள், ஆளை ஏற்கமாட்டார்கள். ஆறு மாதப் போராட்டத்துக்குப் பிறகு மேசை திறந்தது. 1993-இல் அந்தக் கடையே மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடம் குடிமை உரிமை அருங்காட்சியகம். உட்காரும் உரிமையை வென்ற ஒரு தலைமுறை முடிவதற்குள் உட்கார வேண்டிய கடையே போய்விட்டது. எங்களுக்கும் அதுதான் நடக்கிறதோ என்பதே எங்கள் கவலை.

வாங்கலாம், விற்க முடியுமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்க் கடைத்தெருக்கள் எங்களுக்கு ஒரு விடுதலை. மறுக்கவில்லை. ஊரில் தோளில் துண்டு போட முடியாதவர் கீழவாசலில் செருப்போடு நடந்தார். பெயர் தெரியாத கூட்டம் எங்களுக்கு நிழல். பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து தோசை தின்றது பலருடைய வாழ்க்கையில் முதல் சமத்துவம்.

ஆனால் நடப்பது, வாங்குவது, உட்காருவது என்ற மூன்று படி ஏறிவிட்டோம். நான்காவது படி விற்பது. அது இன்னும் எட்டவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். நாகப்பட்டினத்தில் 31 பேருக்கு மேல். அந்த ஊர்களின் கடைத்தெருவில் ஒரு நடை போய், பெயர்ப்பலகை வைத்த கடைகளில் எத்தனை எங்களுடையது என்று எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதையும் எடுத்தாலும், மக்கள் தொகையில் 16.6 சதவீதமான பட்டியல் சாதியினருக்கு, ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி சொந்தமான நிறுவனங்கள் சுமார் 11 சதவீதம்தான். அவற்றிலும் ஆள் வைத்து நடத்தும் கடை எத்தனை, தனியாளாக உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கடை எத்தனை?

கடைத்தெருவில் நாங்கள் இல்லாமல் இல்லை. விடியற்காலையில் மார்க்கெட்டைக் கூட்டி அள்ளுபவர் நாங்கள். மூட்டை தூக்குபவர் நாங்கள். பேருந்து நிலைய ஓரத்தில் குடையின் கீழ் செருப்புத் தைப்பவர் எங்கள் ஆள். கீரைக்கட்டோடும் மீன்கூடையோடும் தரையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவும் பெரும்பாலும் எங்கள் அம்மாதான். கடைக்குள் இல்லை, கடை வாசலில் இருக்கிறோம். மேற்கூரைக்கு வெளியே, மதிலுக்கு வெளியே இருந்ததுபோல.

1999-இல் உழவர் சந்தை வந்தது. இடைத்தரகர் இல்லாமல் விற்கலாம் என்றார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அடையாள அட்டைக்கு, பயிரிடும் நிலத்துக்குச் சான்று வேண்டும். நாற்று நட்டவருக்கும் களை பறித்தவருக்கும் நிலம் இல்லையே! உழைப்புக்குச் சான்று எந்த அலுவலகத்தில் தருகிறார்கள்?

ஸ்மார்ட் சிட்டி

2015-இல் ஸ்மார்ட் சிட்டி திட்டம் வந்தது. 2016-இல் தஞ்சாவூர் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு நகரத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி வரை, மாநிலமும் அதே அளவு என்பது ஏற்பாடு. பழைய பேருந்து நிலையம், காமராஜர் மார்க்கெட், சரபோஜி மார்க்கெட் எல்லாம் இடித்துக் கட்டப்பட்டன. சிவகங்கைப் பூங்காவும் குளங்களும் சீரமைக்கப்பட்டன. 2025 மார்ச்சோடு திட்டம் முடிந்துவிட்டது. கட்டடங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. கழிப்பறையும் விளக்கும் மேற்கூரையும் வந்ததை நாங்கள் குறை சொல்லமாட்டோம். சேற்றில் உட்கார்ந்து விற்ற பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கேள்வி வேறு. புதுக் கட்டடத்தில் கடை எடுக்க ஏலம் கேட்க வேண்டும், வைப்புத்தொகை கட்ட வேண்டும், மாத வாடகை கட்ட வேண்டும். தரையில் சாக்கு விரித்தவருக்கு இந்த மூன்றில் எதற்கு வழி இருக்கிறது? பழைய மார்க்கெட்டில் உரிமத்தில் பெயர் இருந்தவருக்குப் புதுக் கடையைக் கோர ஒரு காகிதம் இருக்கிறது. தரைக்கடைக்காரருக்கு எதுவும் இல்லை. அலங்கம் பகுதிகளில் அகழிக்கரையில் தலைமுறையாகக் குடியிருந்தவர்களும் இதே அழகுபடுத்தலில்தான் அகற்றப்பட்டார்கள். நகரத்தின் நடுவில் இருந்தவர் நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டால், அவர் வீட்டு வேலைக்கும் கூடை வியாபாரத்துக்கும் தினமும் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வர வேண்டும். மதில் விழுந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. மதிலின் வேலை நிற்கவில்லை.

இதற்கு எதிராகச் சட்டம் இல்லாமலும் இல்லை. 2014-இல் நாடாளுமன்றம் தெரு வியாபாரிகள் சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்று தரும்வரை யாரையும் அகற்றக் கூடாது என்கிறது அது. ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அவர்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் உரிய இடம் வேண்டும். 50 ஆண்டுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்த இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்போரை இடம் மாற்றக் கூடாது என்றும் அதன் அட்டவணையில் இருக்கிறது. பெரிய கோயில் பாரம்பரியம், அரண்மனை பாரம்பரியம் என்று கொண்டாடுகிற ஊரில் கீரைக்கூடையும் பாரம்பரியம்தான் என்று சட்டமே சொல்கிறது. இதை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்?

எங்களுக்குள் ஒரு வாக்குவாதம்

இதை எழுதும்போது எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது. எங்கள் இளைய தோழர்கள் கேட்டார்கள்: "பழைய கடைத்தெரு போனால் போகட்டுமே? சூப்பர் மார்க்கெட்டில் எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்கிறானா? கூடையை எடுத்து நானே அள்ளிக்கொள்கிறேன். பார்சல்காரன் என் சேரி வாசலுக்கே வருகிறான்." இது அற்பமான வாதம் இல்லை. சில்லறையைக் கையில் படாமல் மேலிருந்து போட்டதை அனுபவித்த குடும்பங்களுக்கு, முகம் பார்க்காத இயந்திரம் ஒரு மரியாதை.

ஆனாலும் எங்கள் பதில் இது. முகம் பார்க்காத கடையில் வாங்குகிறவராக மட்டும்தான் நமக்கு இடம். அங்கே கீரைக்கட்டு அம்மாவுக்கு இடமில்லை, செருப்புத் தைக்கிறவருக்கு இடமில்லை. நம் பிள்ளைகளுக்கு அங்கே கிடைப்பது சீருடை போட்ட கூலி, அல்லது முதுகில் பார்சல் பை. பண்ணையாரிடமிருந்து விடுபட்டு இன்னொரு பண்ணையில் பெயரில்லாத ஆளாகச் சேர்வதற்கா நூறு ஆண்டு நடந்தோம்? கடைத்தெரு நமக்கு வேண்டும். பழையபடி வேண்டாம், நான்காவது படியோடு வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். மாநகராட்சிக் கடைகள் யார் யார் பெயரில் இருக்கின்றன, உண்மையில் யார் நடத்துகிறார்கள் என்ற பட்டியலைச் சமூகவாரியாக வெளியிடுங்கள். அதில் எங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஏலத்துக்கு வெளியே, வைப்புத்தொகை இல்லாமல் ஒதுக்குங்கள். விற்பனைக் குழுவை முறையாகத் தேர்தல் வைத்து அமைத்து, அதன் கூட்டக் குறிப்புகளைத் தமிழில் ஒட்டுங்கள். கீழவாசலின் தரைக்கடைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவியுங்கள். மார்க்கெட்டைக் கூட்டுகிறவரின் பிள்ளைக்கு அதே மார்க்கெட்டில் ஒரு கடை கிடைக்க வழி செய்யுங்கள். 2020-இல் வந்த பத்தாயிரம் ரூபாய்க் கடனோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடாதீர்கள். கடன் கொடுத்த கூடையை வைக்க ஓர் அடி இடமும் கொடுங்கள்.

வணிகர் சங்கப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்னாட்டுக் கடைகளுக்கு எதிராக எங்களையும் கூப்பிடுகிறீர்கள். வருகிறோம். ஆனால் உங்கள் சங்கத்தில் எங்கள் ஆள் எத்தனை பேர், நீங்கள் வாடகைக்கு விடும் கடையை எங்களுக்குத் தருவீர்களா என்ற கேள்விக்குப் பதிலோடு கூப்பிடுங்கள். கடைத்தெருவைக் காப்பாற்ற ஆள் வேண்டுமென்றால், அதில் பங்குள்ள ஆள்தான் நிற்பான்.

ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்காடியையும் தீண்டாச்சேரியையும் தனித்தனி வரியில் வெட்டினார்கள். தஞ்சாவூரின் அடுத்த கடைவீதி எங்கே, எப்படிக் கட்டப்பட்டாலும் சரி. அதன் கடைப் பட்டியலில் சேரியின் பெயரும் ஒரே வரியில் இருக்க வேண்டும். அதுவரை கீழவாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவை யாரும் எழுப்ப வரவேண்டாம். வந்தால் நாங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம்.

ஜெய்பீம்.